சோலைக்காட்டுப் பாசிகளைத் தேடியவர்கள்

பாசி என்னும் சொல் தமிழில் மிகப் பழையது. குளத்து நீரின்மேல் படர்வதும் பாசி. கிணற்றுப் படியில் கால் வழுக்கச் செய்வதும் பாசி. மழைக்காலத்து மதிற்சுவரில் பசுமையாய் முளைப்பதும் பாசி. கடலோரத்தில் கரையொதுங்குவதும் பாசி. குறுந்தொகையில் பசலைக்கு உவமையாக வரும் பாசி ஊரார் நீருண்ணும் துறையில் திரண்டு கிடப்பது. தாவரவியலார் ஆல்கா என வகுக்கும் இனத்தைச் சேர்ந்தது அது. நம் இலக்கியத்தின் பாசி பெரும்பாலும் இந்த நீர்ப்பாசியே.

இக்கட்டுரை பேசப்புகுவது அதனைப் பற்றியன்று. மலைக்காட்டில் மரத்தையும் பாறையையும் போர்த்தியிருக்கும் பாசிகளைப் பற்றியது. இவை ஆல்கா அல்ல. தண்டும் இலையும் போன்ற உறுப்புகளை உடைய நிலத் தாவரங்கள். ஆங்கிலத்தில் மாஸ் என்றும் லிவர்வொர்ட் என்றும் இரு பெயர்களால் இவற்றைப் பிரித்துக் கூறுவர். முன்னதைப் பாசி என்றே வைத்துக்கொண்டு, பின்னதை ‘ஈரல்பாசி’ என இக்கட்டுரையில் வழங்குகிறேன். ஓர் உறுப்பைப் போன்ற உருவமுடைய செடி அவ்வுறுப்பின் நோயைத் தீர்க்கும் என்று நம்பிய பழைய ஐரோப்பிய மருத்துவர்கள், மடல்மடலாய்த் தரையோடு படரும் சிலவகைச் செடிகளில் ஈரலின் வடிவத்தைக் கண்டனர். பெயர் அவ்வாறு வந்தது. உண்மையில் ஈரல்பாசிகளுள் மிகுதியானவை அவ்வடிவம் உடையன அல்ல. நூல்போன்ற தண்டில் இரு வரிசையாகச் சிற்றிலைகள் அடுக்கப்பெற்றவை. கைக்கண்ணாடி இல்லாமல் அவற்றைப் பாசியினின்றும் பிரித்தறிவது கடினம். உலகில் பாசி இனங்கள் 12,000-க்கு மேலும், ஈரல்பாசி இனங்கள் 7,000-க்கு மேலும் உள்ளன.

இவற்றுக்கு வேர் இல்லை. மண்ணிலிருந்து நீரை மேலேற்றும் குழாய்களும் பெரும்பாலானவற்றில் இல்லை. மழையோ பனியோ மேனியில் படும்போது உடல் முழுவதாலும் நீரைப் பருகும். காற்று உலர்ந்தால் தாமும் உலர்ந்து சுருங்கிக் காத்திருக்கும். இவ்வியல்பை மனத்தில் கொள்ளவேண்டும். பின்னர்க் கூறப்போகும் செய்தி ஒன்று இதனைச் சார்ந்தது.

வெப்பமண்டலக் காடு என்றவுடன் எங்கும் பாசி மண்டிக் கிடக்கும் காட்சி ஒன்று நம் கற்பனையில் எழுகிறது. சமவெளி மழைக்காட்டில் நுழைவோர் ஏமாற்றமே அடைவர். அங்கே தரையில் பாசி அரிது. உதிரும் இலைகள் அதனை மூடிவிடுகின்றன. பகலில் காட்டின் அடித்தளத்தில் ஒளி மங்கலாதலின் செடி தேடிக்கொள்ளும் உணவு குறைவு. இரவிலும் வெப்பம் தணியாமையால் தேடிய உணவைச் சுவாசத்திலேயே செலவிட்டுவிடுகிறது. வரவினும் செலவு மிகும் குடும்பத்தின் நிலைதான். மலையேற ஏற இரவு குளிர்கிறது, செலவு குறைகிறது, முகில் வந்து மரத்தைத் தொடுகிறது. தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரில் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,500 முதல் 3,000 மீட்டர் உயரத்தில்தான் இவ்வினங்கள் மிகுதியாகப் பல்கியிருப்பதாக ஆய்வாளர் கண்டுள்ளனர். நம் மேற்குத்தொடர்ச்சி மலையில் நீலகிரி, பழனிமலை, ஆனைமலை ஆகியவற்றின் உயர்ந்த மடிப்புகளில் புல்வெளிகளுக்கு இடையே ஒதுங்கி நிற்கும் சோலைகள் அத்தகைய இடங்கள். குட்டையான மரங்கள், கோணிய கிளைகள், அவற்றின்மேல் கணுக்கணுவாகப் பச்சையும் பழுப்பும். செந்நிறம் கலந்த பழுப்பாய் மரப்பட்டையோடு ஒட்டிக் கிடப்பது பெரும்பாலும் ஃப்ருலேனியா என்னும் ஈரல்பாசி. அதன் இலைக்கு அடியில் நீர் சேமிக்கும் சிறு பைகள் உண்டு. அப்பைக்குள்ளும் நுண்ணுயிர்கள் குடியிருக்கும். ஈரம் மிகுந்த ஓடைக்கரைகளில் உயிருள்ள இலைகளின் மேற்பரப்பிலேயே வேறு சில ஈரல்பாசிகள் படர்ந்திருக்கும்.

இவற்றை முதலில் பார்த்தவர் யார் என்று கேட்டால் விடை எளிது: அம்மலைகளில் வாழ்ந்தவர்கள். முதலில் எழுதிவைத்தவர் யார் என்பது வேறு வினா. அதற்கு விடை புதுச்சேரியிலிருந்து தொடங்குகிறது.

சுவிட்சர்லாந்தில் பிறந்து பிரெஞ்சு அரசின் பணியில் புதுச்சேரிக்கு வந்தவர் சாமுவேல் பெரோத்தே. பின்னாளில் அவ்வூர்த் தாவரவியல் தோட்டத்தோடு தொடர்புபட்டு அறியப்பட்டவர். அவர் 1830-களில் நீலகிரிக்குச் சென்று செடிகள் சேகரித்தார். பூக்கும் செடிகளோடு பாசி, ஈரல்பாசி, லைக்கன், காளான் ஆகியனவும் அவர் கட்டுகளில் இருந்தன. அவற்றைப் பாரிசில் ஆராய்ந்தவர் கமீல் மோன்தாஞ். இவர் நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்பில் இளம்வயதில் உடன்சென்றவர். படை மருத்துவராய் இருந்து ஓய்வுபெற்ற பின்னர்ப் பூவாத் தாவரங்களின் ஆய்வுக்கே தம்மை ஒப்படைத்தார். உருளைக்கிழங்குப் பயிரை அழித்து அயர்லாந்தைப் பஞ்சத்தில் ஆழ்த்திய நோயின் பூஞ்சையை 1845-இல் விவரித்துப் பெயரிட்டவர்களுள் இவரும் ஒருவர். நீலகிரியின் பூவாத் தாவரங்களைப் பற்றி 1842-இல் இலத்தீன் மொழியில் இவர் வெளியிட்ட பட்டியல், தமிழக மலைப்பாசிகள் அறிவியல் ஏட்டில் கூட்டமாக இடம்பெற்ற தொடக்ககாலப் பதிவுகளுள் ஒன்று. நீலகிரியை அவர் கண்ணால் கண்டதில்லை.

பாசியின்மேல் இயல்பாகவே பற்றுக்கொண்ட ஒருவர் அதற்குச் சற்றுப் பின் இலங்கைக்கு வந்தார். ஜார்ஜ் கார்ட்னர் என்னும் ஸ்காத்லாந்தியர் மாணவப் பருவத்தை அடுத்து 1836-இல் பிரித்தானியப் பாசிகளை உலர்த்தி ஒட்டிய கையடக்கத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டவர். அது பெற்றுத்தந்த ஆதரவால் பிரேசில் சென்று ஐந்தாண்டு அலைந்தவர். 1844-இல் பேராதனைத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்று, மறு ஆண்டு நீலகிரியையும் கண்டு திரும்பினார். அவர் நெடுங்காலம் வாழ்ந்திருந்தால் இலங்கை மலைநாட்டுப் பாசிகளின் வரலாறு வேறாக இருந்திருக்கும் என எண்ணத் தோன்றுகிறது. 1849 மார்ச்சில் நுவரெலியாவில் திடீரென இறந்தார். அகவை நாற்பதைக்கூட எட்டவில்லை.

பெரோத்தே, கார்ட்னர் போன்றோர் மலையில் எடுத்தனுப்பிய பொட்டலங்கள் ஐரோப்பாவில் எத்தகையோர் கைக்குச் சென்றன என்பது சுவையான செய்தி. இந்தியப் பாசிகளைப் பற்றிய முதற் பெருநூலை 1859-இலும், ஈரல்பாசிகளைப் பற்றிய அதன் துணைநூலை அடுத்த ஈராண்டுகளிலும் வெளியிட்ட வில்லியம் மிட்டன், இங்கிலாந்தில் சசெக்ஸ் மாவட்டச் சிற்றூர் ஒன்றில் மருந்துக்கடை நடத்தியவர். இயற்கைத் தேர்வுக் கொள்கையை டார்வினோடு பகிர்ந்துகொண்ட வாலஸ், 1866-இல் மணந்தது இவருடைய மகளைத்தான். மிட்டன் 1906-இல் மறைந்தபின் அவருடைய உலர்பாசித் தொகுப்பு நியூயார்க் தாவரவியல் தோட்டத்துக்கு விலையாயிற்று. தென்னிந்தியப் பாசிகளைப் பற்றி 1899-இல் இந்தியத் தாவரவியல் ஆய்வுத்துறை வெளியீட்டில் எழுதிய புரோத்தெரஸ், பின்லாந்தின் தலைநகரில் பள்ளி ஆசிரியர். ஆக, நம் மலைகளின் பாசி எது என அறுதியிட வேண்டுவோர் பாரிஸ், லண்டன், ஹெல்சின்கி, நியூயார்க் ஆகிய நான்கு ஊர்களின் பேழைகளைத் திறக்க வேண்டியவராயினர்.

இவ்வாறு நிகழ்ந்ததற்குப் பாசியின் இயல்பும் ஒரு காரணம். பூச்செடியை அழுத்திப் பதப்படுத்தவும், தாளில் தைக்கவும், பூச்சியிலிருந்து காக்கவும் வேண்டும். பாசியைக் காற்றில் உலரவிட்டு மடித்த தாளில் இட்டால் போதும், எடை இல்லை, அஞ்சற்செலவு குறைவு, பல்லாண்டு கெடுவதில்லை. பின்னொரு நாள் ஒரு துளி நீரில் நனைத்தால் இலைகள் முன்போல் விரிந்து நுண்ணோக்கிக்கு ஆயத்தமாகும். சிதல்களை வெளியிடும் சிறு செப்பின் வாயில் வரிசையாய் அமைந்த நுண்பற்களை எண்ணியே பல குடும்பங்களைப் பிரிப்பர். இதற்கு வேண்டியவை ஒரு மேசை, ஒரு நுண்ணோக்கி, மாலைநேர ஓய்வு. மருந்துக்கடைக்காரரும் பள்ளி ஆசிரியரும் உலக அறிஞராக முடிந்தது இதனால்தான்.

ஆனால் இம்முறையில் ஒரு குறை உண்டு. மலையை ஒருமுறை கடந்துசெல்லும் பயணி, வழியில் கண்ணில் பட்டதையே எடுப்பார். எந்தப் பாசி எந்தப் பருவத்தில் செப்பு ஈனும், எது ஓடைக்கல்லை விட்டு அகலாது, எது ஒரே சோலையில் மட்டும் உள்ளது என்பனவற்றை அறிய அதே மலையில் ஆண்டுக்கணக்கில் ஒருவர் தங்கவேண்டும். பழனிமலைக்கு அப்படி ஒருவர் வாய்த்தார்.

கொடைக்கானலுக்குக் கீழே, பெயரிலேயே செண்பகத்தை ஏந்திய செண்பகனூரில், இயேசு சபையார் 1895-இல் தம் துறவு மாணவர்க்காகத் திருஇருதயக் கல்லூரியை நிறுவினர். மெய்யியல் கற்கும் இடத்தில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் வளர்ந்தது. அங்கிருந்த துறவியருள் ஆங்கிலாத் பூச்செடிகளை வண்ண ஓவியங்களாகத் தீட்டினார். ஜார்ஜ் ஃபோரோ அடிகள் தேர்ந்துகொண்டது பாசி.

அக்காலத்தில் மலைச்செடி என்றால் பூச்செடி என்றே பொருள். சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ஃபைசன் 1915 முதல் வெளியிட்ட நீலகிரி, பழனிமலை உச்சிகளின் தாவர நூல் இன்றும் போற்றப்படுவது. அதில் பூக்கும் செடிகளுக்கு மட்டுமே இடம். இதனைக் குறை என்று சொல்லமாட்டேன். ஒருவர் எல்லாவற்றையும் செய்ய இயலாது. எஞ்சியதை ஃபோரோ மேற்கொண்டார். அவர் பொதிந்தனுப்பிய பாசிகளைப் பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் வாழ்ந்த பொத்தியே த லா வார்டும், இங்கிலாந்தின் நார்தாம்ப்டனில் செவிப்புலன் அற்ற மாணவர்க்குக் கற்பித்துவந்த டிக்சனும் ஆராய்ந்தனர். இருவரும் கூட்டாக 1927-இலும் 1930-இலும் தென்னிந்தியப் பாசிகளைப் பற்றி எழுதிய கட்டுரைகளில் புதிய இனங்கள் பல அறிவிக்கப்பட்டன. ஒரு பாசிப் பேரினத்துக்கே அவர்கள் ஃபோரோவெல்லா எனப் பெயர் சூட்டினர். மலையிலிருந்து பாசி அனுப்பிய ஒருவருக்கு மேசையிலிருந்தோர் செலுத்திய நன்றி அது.

ஃபோரோ அனுப்புநராகவே நின்றுவிடவில்லை என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதற் கட்டுரை வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், 1961-இல், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் பழனிமலைப் பாசிகளைப் பற்றிய முழுப் பட்டியலைத் தம் பெயரிலேயே வெளியிட்டார். முப்பத்தைந்து பக்கங்கள் கொண்ட கட்டுரை. இடையில் ஓர் உலகப்போரும், நாட்டின் விடுதலையும் நிகழ்ந்துவிட்டன. டிக்சன் 1944-இல் மறைந்தார். பொத்தியே த லா வார்ட் அந்த 1961-லேயே மறைந்தார். தென்னிந்தியாவின் ஒரு மலைக்கு, அம்மலையிலேயே வாழ்ந்தவர் எழுதிய பாசிப் பட்டியல் இவ்வாறு கிடைத்தது. இலங்கைக்கும் நீலகிரிக்கும் பயணிகள் பலர் வந்தனர். பழனிமலைக்கு ஒருவர் தங்கினார். எண்ணிக்கையில் எது மிகுதி என்பதைவிட இவ்வேறுபாடு பெரியது.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறுவது பொருந்தும். நான் கல்லூரியில் தாவரவியல் பயின்ற காலத்தில் பாடத்திட்டத்தில் ரிக்சியா, மார்கான்ஷியா, ஃபியூனேரியா ஆகிய மூன்றும் இருந்தன. மூன்றையும் ஃபார்மலின் ஊற்றிய கண்ணாடிக் குப்பிகளில் பார்த்தோம். வெளியூர் நிறுவனம் ஒன்றிலிருந்து விலைக்கு வாங்கப்பட்டவை அவை. நிறம் வெளுத்து, வடிவம் குலைந்து, சீட்டில் ஊர்ப்பெயர்கூட இல்லாமல் இருந்தன. ஐந்துமணிநேரப் பேருந்துப் பயணத்தில் கொடைக்கானல் இருந்தது. அம்மலையில் ஒருவர் வாழ்நாளைச் செலவிட்டுப் பட்டியல் எழுதியுள்ளார் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஆசிரியர்க்கும் தெரிந்திராது என்றே நினைக்கிறேன். ஃபோரோவின் பெயரை நான் முதன்முதலில் படித்தபோது எனக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தது. ஒரு மலைக்குக் கீழே வாழ்வோர் அம்மலையைப் பற்றிய அறிவைப் பெறச் சுற்றிவளைத்துப் பாரிசு வழியாக வரவேண்டியிருப்பது நாணத்தக்கதே.

பட்டியல் வெளிவந்த காலத்திலேயே மலை மாறத் தொடங்கியிருந்தது. நீலகிரியில் 1840-களிலேயே ஆஸ்திரேலியாவின் சீகை மரமும் கற்பூர மரம் எனப்படும் யூகலிப்டசும் விறகுக்காகக் கொண்டுவரப்பட்டன. பழனிமலையில் விடுதலைக்குப் பின் பைனும் சேர்ந்து இம்மரங்கள் பெருந்தோட்டங்களாகப் பரவின. வெறும்நிலம் எனக் கருதப்பட்ட புல்வெளியே முதலில் பலியாயிற்று. 2018-இல் வெளிவந்த செயற்கைக்கோள் பட ஆய்வு ஒன்றின்படி, 1973-க்கும் 2014-க்கும் இடையில் பழனிமலையின் உயர்பகுதிப் புல்வெளியில் 66 விழுக்காடும் சோலைக்காட்டில் 31 விழுக்காடும் மறைந்துவிட்டன. ஃபோரோ பட்டியலிட்டது அம்மறைவுக்கு முந்தைய மலையை.

யூகலிப்டஸ் தன் பட்டையை நார்நாராய் உரித்து உதிர்ப்பது; அதில் பாசி பற்றி வளர்வதற்குக் காலம் வாய்ப்பதில்லை. சீகைத் தோப்பில் பாசி அறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. முதிர்ந்த மரங்களில் பொதுவான சில இனங்கள் படர்ந்திருக்க நானே கண்டுள்ளேன். அவற்றின் நிழலில் சோலைக் கன்றுகள் மீண்டும் முளைக்கும் இடங்களும் உண்டு. சோலையில் ஒரே கிளையில் ஐந்தாறு வகைகள் கலந்து வளர்வதைக் கண்டவர்க்கு அத்தோப்பு வறியதாகவே தோன்றும்.

பாசி போனால் மலைக்கு என்ன இழப்பு என்று கேட்போர் உண்டு. நம் சோலைகளுக்கு ஒப்பான முகிற்காடு ஒன்றில் இவ்வினாவுக்கு அளவையால் விடை கண்டனர். கிழக்கு ஆப்பிரிக்காவில் தான்சானியாவின் உலுகுரு மலையில் ஹங்கேரிய அறிஞர் தாமாஷ் போச், மரங்களின்மேல் தொற்றி வாழும் செடிகளைக் கழித்தெடுத்து உலர்த்தி நிறுத்தார். உச்சிக் குறுங்காட்டில் எக்டேருக்கு ஏறத்தாழ 14 டன் உலர்எடை. அதில் பாசிகளின் பங்கு பெரிது. ஒரே மழையில் எக்டேருக்கு 50,000 லிட்டர் நீரை அவை தாங்கி நிறுத்த வல்லவை என 1980-இல் அவர் வெளியிட்டார். தாழ்ந்த சரிவுக் காட்டில் அதே கணக்கு 2 டன்னைச் சற்றே மிஞ்சுவது. பழனிமலையில் மழை நின்று பல நாள் ஆனபின்னும் சோலையிலிருந்து ஓடை வழிவதைக் கண்டவர்க்கு இவ்வெண்கள் வியப்பளிக்கமாட்டா. மலைச் சரிவுகளின் கீழே வாழை பயிரிடுவோர் அந்நீரையே நம்பியுள்ளனர்.

வேரின்றிக் காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் உண்ணும் இயல்பைப் பற்றி முன்னர்க் குறிப்பிட்டேன். அவ்வியல்பு 2003-இல் கொடைக்கானலில் சான்றாகப் பயன்பட்டது. அங்கே இயங்கிவந்த வெப்பமானித் தொழிற்சாலை, பாதரசக் கழிவு பற்றிய குற்றச்சாட்டால் 2001-இல் மூடப்பட்டது. காற்றில் பாதரசம் எவ்வளவு தொலைவு பரவியது என்பதைக் காட்ட அக்காலத்து அளவைக் கருவிப் பதிவு எங்கே கிடைக்கும்? ஐதராபாத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் மரங்களிலிருந்து லைக்கன்களையும் பாசிகளையும் எடுத்துப் பகுத்தாய்ந்தனர். கொடைக்கானலில் எடுத்தவற்றில் பாதரசம் மிகுந்திருந்தது; தொலைவிலுள்ள பேரிஜம் ஏரிப் பகுதியில் எடுத்தவற்றில் அது மிகக் குறைவாகவே இருந்தது. ஆண்டுக்கணக்கில் மேனியில் படிந்ததைப் பாசி வெளியேற்றாமல் வைத்திருந்தது. அந்த ஆய்வைப் படித்தபோது, ஃபோரோவின் பழைய பொட்டலங்களின் மதிப்பு எனக்கு வேறுவகையில் விளங்கிற்று. தொழிற்சாலை வருவதற்குமுன் அதே மலையில் எடுக்கப்பட்டவை அவை.

அண்மை ஆண்டுகளில் இத்துறை நம்மவர் கைக்கு வந்துள்ளது. லக்னோவிலுள்ள தேசியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தாரும் நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியாரும் மேற்குத்தொடர்ச்சி மலையின் தென்கோடிவரை சென்று பாசிகளையும் ஈரல்பாசிகளையும் பதிவுசெய்துள்ளனர். முன்னர் அறியப்படாத இனங்களும் அவர்கள் கட்டுரைகளில் வந்துள்ளன. கொடைக்கானல் காடுகள் 2013-இல் வனவிலங்குச் சரணாலயம் ஆயின. ஃபோரோவின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சோலை சோலையாகச் சென்று எது உள்ளது, எது இல்லை எனக் குறிக்கும் பணியை இளையோர் சிலரேனும் மேற்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம். வேண்டியவை இன்றும் முன்புபோல ஒரு மேசையும் நுண்ணோக்கியும் மாலை ஓய்வுமே. அட்டைக்கடிக்குச் சிறிது புகையிலைத்தூளும் சேர்த்துக்கொள்ளலாம்.

நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலருக்கு இதனை எழுதத் துணிந்ததற்கு ஒரு தன்னலமும் உண்டு. ஈரல்பாசி என்று நான் இங்கு வழங்கிய சொல் ஐரோப்பியரின் பழைய மருத்துவ நம்பிக்கையைச் சுமந்து நிற்கிறது. எனக்கு அது நிறைவாக இல்லை. பழனிமலையில் பளியரும் புலையரும் நெடுங்காலமாக வாழ்கின்றனர். மரத்தில் படர்வதையும் கல்லில் படர்வதையும் இலைமேல் படர்வதையும் அவர்கள் தனித்தனிப் பெயரிட்டு அழைக்கக்கூடும். வாசகருள் அம்மலை ஊர்களோடு தொடர்புடையோர் இருப்பின், கேட்டு, எந்த ஊரில் எவ்வாறு ஒலிக்கிறார்கள் என்பதோடு, முடிந்தால் அப்பாசியின் சிறு துணுக்கையும் மடித்த தாளில் வைத்து, மலர்க்குழுவின் முகவரிக்கு அனுப்பவேண்டுகிறேன்.